ஹம்பர் காருக்குப் போட்ட மதிப்பு

ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குக் கார் கொண்டுவருகிறவர்கள் அருளானந்தத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இரட்டிப்பு. என்ன வண்டியானாலும் அவர் கண்ணில் பட்டால் வாங்கிய விலை இரண்டு மடங்காகிவிடும் என்பதால் வந்த பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் வருத்தப்படவில்லை. லஞ்சத்துக்குக் கை நீட்டாத சுங்க அதிகாரிக்கு ஊர் வைக்கும் பெயர் இப்படித்தான் இருக்கும் என்று மனைவி ஜோனிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

கை நீட்டாதவர் என்பது உண்மைதான். யாரிடமும் ஒரு சிகரெட்கூட வாங்கிப் பிடித்ததில்லை. சிங்கப்பூர் தனி நாடான பிறகு, அண்டை வீட்டுக்குப் போய்வருவது போலப் போய்வந்த பாலத்தில் எல்லைச் சாவடி பெரிதாயிற்று. வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு வரி ஏறியது. அதே சமயம் மலாயாத் தோட்டங்களிலிருந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஆண்ட பழைய பெரிய கார்கள் ஜொகூரில் சல்லிசாகக் கிடைத்தன. வாங்கி வருகிறவன் துரை கொடுத்த ரசீதை நீட்டுவான். அருளானந்தம் அதை வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைப்பார். வரி ரசீதில் உள்ள விலைக்கு அல்ல, வண்டியின் மதிப்புக்கு. மதிப்பு என்ன என்பதைச் சொல்கிறவர் அவர்.

தமிழர்கள் யாராவது வரிசையில் நின்றால், நம்ம ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற தெம்பு முகத்தில் தெரியும். அந்தத் தெம்பைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று இறுகும். மற்றவர்களுக்கு இரட்டிப்பு என்றால் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

அவர் வளர்ந்த விதம் அப்படி. அப்பா ஒரு கிடங்கில் காவல்காரர், குடித்தே போய்ச் சேர்ந்தார். அம்மா சவேரியம்மாள் செம்பவாங்கில் கடற்படை வெள்ளைக்காரர்கள் வீடுகளில் துணி துவைத்தாள். ஜப்பான்காரன் காலத்தில் அவளுக்குக் கால் வீங்கிற்று, பிறகு முகம் வீங்கிற்று, பிறகு செத்துப்போனாள். அருளானந்தத்துக்கு அப்போது பதினெட்டு வயது. தங்கை அற்புதமேரிக்கு ஐந்து. மரவள்ளிக் கிழங்கைத் தலையில் சுமந்து விற்று, அவளைத் தோளில் சுமந்து, தான் பட்டினி கிடந்து அவளுக்குக் கஞ்சி ஊற்றி வளர்த்தார். சண்டை முடிந்ததும் படிப்பை விட்ட இடத்தில் பிடித்துத் தேறி, சுங்க வேலையில் சேர்ந்தார். நோரிஸ் ரோட்டில் வீடு எடுத்தார். ஜோனைக் கட்டினார். பிள்ளை பிறக்கவில்லை. இருக்கட்டும், அற்புதம் இருக்கிறாளே என்றார்.

அற்புதத்துக்கு அவர் பார்த்த மாப்பிள்ளை அதே கோயில் பங்கைச் சேர்ந்த பள்ளி வாத்தியார். ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிக்கவேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் தேக்காவில் தான் வேலை பார்த்த தையற்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். பாலகிருஷ்ணன் என்ற கடற்படைத் தள டிரைவர் அங்கே காத்திருந்தான். சட்டை அளவு குறைக்கக் கடைக்கு வந்தவன். இந்து. அதுவும் ஜொகூர் தோட்டத்துக் கூலி லைன் வீட்டில் பிறந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிக்காமல் விட்டார். கோயில் முழுவதும் திரும்பி அருளானந்தத்தைப் பார்த்தது. வாத்தியார் வீட்டார் எழுந்து வெளியே போனார்கள். அவர் மட்டும் கடைசி ஆசீர்வாதம் வரை முழங்காலில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அற்புதத்தின் துணிமணிகளை வாரிக்கொண்டு போய் வாசலில் வந்த குப்பை வண்டியில் அவரே போட்டார். அது ஐம்பத்தேழாம் வருஷம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. தேக்கா சந்தையில் மீன்காரர் முன்னால் ஜோன் அவளை எப்போதாவது சந்தித்து இரண்டு வார்த்தை பேசுவதுண்டு. அது அருளானந்தத்துக்குத் தெரியாது.

அறுபத்தெட்டில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை மூடப்போகிறேன் என்று சொல்லிவிட்டான். செம்பவாங் முழுக்க அதே பேச்சு. ஆள் குறைப்பு தொடங்கியது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு முதலில் சீட்டு கிழியும் என்றார்கள். பாலகிருஷ்ணனிடம் குடியுரிமை இல்லை. வேலை பெர்மிட்டில் ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு. வேலை போனால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகவேண்டியதுதான்.

அவன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். சிராங்கூன் ரோட்டில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் டாக்சியில் வந்து இறங்குகிற காலம். பெரிய பழைய கார் ஒன்று, நீளமான மூக்கும் வெள்ளித் தகடுமாக, பூ அலங்காரத்தோடு வந்து நின்றால் யார் வேண்டாம் என்பார்கள்? தமிழன் எடுப்பான், சீனனும் எடுப்பான். கார் வாடகைக் கடை தன் பெயரில் இருந்தால், வேலை கேட்டு நிற்கும் ஆள் என்று தன்னை யாரும் துரத்தமாட்டார்கள் என்று நம்பினான். ஜொகூரில் கூலாய் பக்கம் அவன் அப்பா ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்தில் பெரிய துரை ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய ஹம்பர் கார் கொட்டகையில் நின்றது. பாலகிருஷ்ணன் லீவு போட்டுப் போய் அதைக் கழுவி, பிரித்து, பூட்டி ஓட வைத்தான். துரைக்கு மனம் இளகி, பழைய இரும்பு விலைக்கே கொடுத்தார். தளத்திலிருந்து வரப்போகும் பணத்தை நம்பி, அற்புதத்தின் நகைகளை அடகு வைத்து அதைக் கட்டினான்.

பாலத்தில் அண்ணன் இருக்கிறார் என்று அற்புதம் பயந்தாள். பத்து வருஷத்துக் கோபத்தை அரசாங்க மேசையில் வைத்துக் காட்டமாட்டார், படித்தவர் என்று பாலகிருஷ்ணன் அவளைத் தேற்றினான்.

அவன் வந்தது ஒரு புதன்கிழமை காலை. கார் சாவடிக்குள் நுழைந்தபோது அருளானந்தத்தின் உதவியாளர் அஹமது கபீர் எழுந்தே நின்றுவிட்டார். கறுப்பு நிறம், ஏறுவதற்கு நீளப் படி, முன்னால் இரண்டு பெரிய விளக்குகள். ஓட்டி வந்தவனை அருளானந்தம் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். ஒருமுறைதான் பார்த்திருக்கிறார், தெருவுக்கு எதிர்ப்புறத்திலிருந்து. அது போதுமானதாக இருந்தது.

கபீர் வெளியே போகப் பார்த்தார். அருளானந்தம் கையமர்த்தினார். இதை நானே பார்க்கிறேன், நீங்கள் கூட நின்றால் போதும் என்றார்.

வெளியே வந்து காரைச் சுற்றி மெதுவாக நடந்தார். கதவைத் திறந்து இருக்கையின் தோலைத் தடவினார். பாலகிருஷ்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திட்டு விழும் என்று காத்திருந்தான்.

"நல்ல வண்டி" என்றார் அருளானந்தம். "எந்த வருஷம்?"

அவன் எதிர்பார்க்காத குரல் அது. முப்பத்தைந்தாம் வருஷத்து மாடல் என்றான். தோல் பழசா புதுசா என்று கேட்டார். வண்டி வந்தபோது போட்ட அதே தோல், ஒரு தையல்கூடப் பிரியவில்லை என்றான். எஞ்சின்? அதுவும் அதே எஞ்சின், தானே பிரித்துப் பார்த்ததாகச் சொன்னான். அருளானந்தம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். விளக்கின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்து, இதெல்லாம் இப்போது எங்கே கிடைக்கிறது என்றார்.

பாலகிருஷ்ணனின் தோள்கள் இறங்கின. முகத்தில் சிரிப்பு வந்தது. பத்து வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த சொல் வெளியே வந்தது.

"மலாயாவுக்கே இந்த மாடல் மூணுதான் வந்துச்சாம் மச்சான். ரெண்டு ஜப்பான்காரன் காலத்துல போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம் லா."

"ஒண்ணுதான் மிச்சமா?"

"துரை சொன்னாரு. சீமையில இந்த மாதிரி பழைய காரைத் தேடித் தேடி வாங்குற பணக்காரங்க இருக்காங்களாம். அவங்க கையில குடுத்தா வெலையே வேறயாம்."

என்ன விலை போகுமாம் என்று அருளானந்தம் கேட்டார். மாப்பிள்ளையிடம் ஊர் நிலவரம் விசாரிக்கிற மாதிரி இருந்தது குரல். பாலகிருஷ்ணன் துரை சொன்ன தொகையைச் சொன்னான். கொஞ்சம் கூட்டியே சொன்னான், தான் வாங்கிய பொருளின் பெருமை மச்சானுக்குத் தெரியட்டும் என்று. கபீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அருளானந்தத்தோடு மூன்று வருஷப் பழக்கம். இந்த மென்மையான குரலை முன்பும் கேட்டிருக்கிறார்.

உள்ளே போய் அருளானந்தம் உட்கார்ந்து எழுதினார். நிதானமாக எழுதினார். எழுதியதைத் திருப்பி பாலகிருஷ்ணன் பக்கம் தள்ளினார். அவன் வாங்கிய விலையைப் போல எட்டு மடங்கு மதிப்பு. அதன்மேல் வரி. வரி மட்டுமே காரின் விலையைவிட அதிகமாக நின்றது.

பாலகிருஷ்ணன் ஏதோ கைத்தவறு என்று நினைத்து லேசாகச் சிரித்தான். ரசீதை எடுத்து முன்னால் வைத்தான்.

"ரிசிட்டு உங்களுக்கும் துரைக்கும்" என்றார் அருளானந்தம். "வரி வண்டிக்கு. வண்டி என்ன பெறும்னு நீங்களே சொன்னீங்க. கபீரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

"மச்சான், நான் உங்ககிட்ட சும்மா பேச்சுக்கு..."

"இன்னொண்ணு. இங்க நான் உங்களுக்கு சார்."

திருப்பிக் கொண்டுபோகவும் முடியவில்லை. ஜொகூரில் அந்தக் கார் பதிவிலிருந்து நீக்கப்பட்டு, வெளிநாட்டுக்குப் போனதாக முத்திரை விழுந்திருந்தது. திரும்ப உள்ளே விடவேண்டுமானால் அந்தப் பக்கத்து வரியைக் கட்டு என்றார்கள். பாலத்துக்கு இரண்டு முனையிலும் அந்த வண்டி அந்நியமாகிவிட்டது. சாவடிக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட திறந்த வெளியில் அதைக் கொண்டுபோய் நிறுத்திச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பாலகிருஷ்ணன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனான்.

மேலிடத்துக்கு மனுக் கொடுக்கலாம் என்று கபீர்தான் அவனிடம் தனியாகச் சொல்லியனுப்பினார். மனுப் போயிற்று. மதிப்புப் போட்ட அதிகாரியின் கருத்து என்ன என்று கேட்டு அது அருளானந்தத்திடமே திரும்பி வந்தது. உரிமையாளரே சாட்சி முன்னிலையில் ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதினார். மனு தள்ளுபடியாயிற்று. அவர் எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

பிறகு அற்புதமேரி வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம், ஆறு வயதுப் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நோரிஸ் ரோட்டு வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்த ஜோன் திரும்பி உள்ளே பார்த்தாள். வரச்சொல் என்றார் அருளானந்தம். உட்காரச் சொல்லவில்லை. ஜோன் குழந்தைக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அவர் பார்த்த பார்வையில் அதன்மேல் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

தங்கை இளைத்திருந்தாள். அம்மாவின் சாடை அப்படியே இறங்கியிருந்தது. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார்.

"சவேரி, அண்ணே. அம்மா பேருதான்."

"அந்தப் பேரை வைக்க உனக்கு யார் சொன்னா? ஞானஸ்நானம் இல்லாத புள்ளைக்கு எங்கம்மா பேரா?"

அற்புதம் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வந்த காரியத்தைச் சொன்னாள். அவரது கோபம் தன்மேல்தான், தன்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அந்த மனுஷன் ஒரு தப்பும் செய்யவில்லை, தளத்தில் அடுத்த மாதம் பெயர் வந்துவிடும், கார் இல்லாவிட்டால் இந்த ஊரில் இருக்க வழியில்லை என்றாள். அழாமல்தான் சொன்னாள். கடைசியில்தான் பழையதை எடுத்தாள்.

"சின்னதுல என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்களே அண்ணே. அதை நெனச்சாவது..."

"அதை நெனச்சுத்தான் கேக்குறேன். அவனை விட்டுட்டு வா. புள்ளையையும் கூட்டிட்டு வா, கோயிலுக்குப் போய்த் தண்ணி ஊத்திக்குவோம். மதிப்பை நானே மாத்தி எழுதுறேன். திங்கக்கிழமை வண்டி அவன் கையில இருக்கும். அவனுக்குக் கார், எனக்கு நீ."

ஜோன் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அற்புதம் அண்ணனை நெடுநேரம் பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை, கோபத்திலும் சொல்லவில்லை, நியாயமான பேரம் என்று நம்பித்தான் சொல்கிறார் என்பது அவளுக்கு மெல்ல விளங்கியது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஜோனிடம் வரேன் அண்ணி என்று சொன்னாள். அவர் பக்கம் திரும்பாமல் படியிறங்கினாள்.

அன்று இரவு அருளானந்தம் வழக்கம்போலச் சாப்பிட்டார். தான் கேட்டதில் தப்பு என்ன என்று ஜோனிடம் கேட்டார். அவள் மீன் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பின் மழைக்காலம் வந்தது. அவருடைய இருக்கைக்கு நேரே ஜன்னல் வழியாக அந்தக் கார் தெரியும். தினமும் பார்த்தார். முதலில் வெள்ளித் தகடு மங்கியது. பிறகு மேற்கூரையின் துணி உப்பி வெடித்தது. உள்ளே தோலில் பச்சையாகப் பூசணம் ஏறியது. எலிகள் குடியேறின. சனிக்கிழமைகளில் பாலகிருஷ்ணன் செம்பவாங்கிலிருந்து சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நிற்பான். உள்ளே விட அனுமதியில்லை. ஒருநாள் கொட்டுகிற மழையில் கபீர் மனம் கேட்காமல் அவனை உள்ளே விட்டார். அவன் கொண்டுவந்திருந்த தார்ப்பாயைக் காரின்மேல் விரித்து நான்கு மூலையும் இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். திங்களன்று அருளானந்தம் அதைப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்கவில்லை. அரசாங்க இடத்தில் தனியார் சாமான் கிடக்கக் கூடாது, அவிழ்த்து வெளியே போடுங்கள் என்று மட்டும் சொன்னார். கபீரே அவிழ்க்கவேண்டியதாயிற்று. மடித்து வேலிக்கு வெளியே வைத்தார். அடுத்த சனிக்கிழமை பாலகிருஷ்ணன் வந்து, அதை எடுத்து சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு போனான். பிறகு அவன் வரவில்லை.

வரி கட்டவேண்டிய கெடு முடிந்ததும் கார் ஏலத்துக்குப் போனது. வந்த ஐந்தாறு பேரில் யாரும் கை தூக்கவில்லை. சுங்கை ரோட்டில் பழைய இரும்புக்கடை வைத்திருந்த அப்துல் ஹமீது கடைசியில் ஒரு தொகை கேட்டார். பாலகிருஷ்ணன் துரைக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அதற்கே போயிற்று. ஹமீதின் ஆட்கள் லாரியில் ஏற்றுவதற்குத் தோதாகக் காரை அங்கேயே இரண்டாக வெட்டினார்கள். எஞ்சின் துருப்பிடித்துப்போயிருந்தது. விளக்குகளை மட்டும் தனியே கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள்.

கபீர் அருளானந்தத்தின் பக்கம் திரும்பினார். "சார், நாம போட்ட மதிப்பு..."

ஏலம் வேறு, மதிப்பு வேறு என்றார் அருளானந்தம்.

தளத்தில் பாலகிருஷ்ணனின் பெயர் வந்தது. வந்த பணம் நகைக்கடனுக்கும் வட்டிக்கும் சரியாகப் போயிற்று. பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. அவன் முன்னால் போய் அப்பாவின் பழைய தோட்டத்தில் லாரி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு வாரம் கழித்து அற்புதம் குழந்தையோடு கிளம்பினாள்.

அவள் எந்த நாள் போகிறாள் என்பதை அருளானந்தம் எப்படியோ விசாரித்து வைத்திருந்தார். அன்று அவருக்கு வேலை முறை இல்லை. இன்னொருவரிடம் மாற்றிக்கொண்டு போய் நின்றார். ஜொகூர் பஸ் வந்து நின்றதும் தானே ஏறி, அவளைக் கையால் சுட்டி, சாமான்களோடு இறங்கச் சொன்னார். வெளியே போகிற சாமானைச் சோதிக்கிற வழக்கம் அங்கே இல்லை. கபீருக்கு அது தெரியும், பஸ் டிரைவருக்கும் தெரியும்.

மூன்று மூட்டைகள், ஒரு தகரப் பெட்டி. மேசைமேல் வைக்கச் சொன்னார்.

"இதுல என்ன?"

"துணி, சார்."

"இது?"

"பாத்திரம், சார்."

அவள் குரலில் குத்தலும் இல்லை, பயமும் இல்லை. முன்பின் தெரியாத அதிகாரியிடம் பேசுகிற குரல். அண்ணே என்று ஒருமுறை சொன்னால்கூட விட்டுவிடலாம் என்றுதான் அவர் நின்றிருந்தார். அவள் சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்க, பாவாடைகள், உள்ளாடைகள், குழந்தையின் பள்ளிக்கூட உடுப்பு, கரி பிடித்த சட்டி, எல்லாம் மேசைமேல் பரந்தன. ஒவ்வொன்றையும் பென்சில் முனையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றும் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

அற்புதம் எல்லாவற்றையும் மறுபடி மடித்தாள். அவசரப்படாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். உதவிக்கு வந்த கபீரை வேண்டாம் என்று தலையசைத்து நிறுத்தினாள். கடைசி மூட்டையை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முடிஞ்சிச்சா சார்? போகலாமா?"

அவர் கையசைத்தார். பஸ் பாலத்தின்மேல் ஏறிப் போயிற்று. கபீர் மறுநாளே வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ன என்று மேலதிகாரி கேட்டதற்கு, பாலத்தடியில் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம்.

அடுத்த வருஷம் அருளானந்தத்துக்குப் பதவி உயர்ந்தது. அரசாங்கத்துக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்கிறவர் என்று மேலே நல்ல பெயர். கோயில் கமிட்டியிலும் சேர்த்துக்கொண்டார்கள். சவேரியம்மாள் நினைவுப் பூசைக்கு ஆண்டுதோறும் அவர்தான் காணிக்கை.

அந்த வருஷத்தில்தான் ஜோன் ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு வராமல் போகத் தொடங்கினாள். ஜொகூரில் தன் பெரியம்மா மகள் சுகமில்லாமல் இருக்கிறாள் என்பாள். அவர் நம்பினார். ஒருநாள் சாவடிக்குப் பழைய சம்பளப் பாக்கி வாங்க வந்த கபீர், மேடத்தைக் கூலாய் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன், குழந்தைக்குப் பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லவேண்டும் என்றே சொன்னாரா, வாய் தவறியா என்பது அவருக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் அருளானந்தம் கேட்டார். ஜோன் மறைக்கவில்லை. ஆமாம், அற்புதம் வீட்டுக்குத்தான் போகிறேன் என்றாள். பாலகிருஷ்ணன் ரப்பர்ப் பால் லாரி ஓட்டுகிறான், அற்புதம் லைன் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறாள், ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். கஷ்டம்தான், ஆனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தன்னைப் பற்றி அற்புதம் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்றதில்ல. மாமா செத்துப் போயிட்டாருன்னு புள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"லைன்ல எல்லாரும் என்னை விதவைன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க" என்றாள் ஜோன். "பாவம்னு சொல்லிக் காபி குடுக்குறாங்க. நானும் இல்லன்னு சொல்லல. பஸ்ஸ விட்டு இறங்குறதுக்கு முன்னால தாலியைக் கழட்டிப் பையில போட்டுக்குவேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். இனிமேல் நீ அங்கே போகக் கூடாது என்றார். ஜோன் மேசையைத் துடைத்தாள்.

அடுத்த ஞாயிறு விடிந்தபோது அவள் படுக்கையில் இல்லை. அடுப்பில் காப்பித்தண்ணி மூடி வைத்திருந்தது. அருளானந்தம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனார். வழக்கமாக உட்காரும் இடத்தில், பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருக்க, பூசை கண்டார். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கினார். வெளியே வரும்போது வாசலில் நின்றிருந்த சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டம்மாவைக் காணவே காணோமே, எங்கே என்று விசாரித்தார்.

ஜொகூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார் அருளானந்தம்.

யார் தவறிப்போனது என்று சாமியார் கேட்டார்.

சொந்தத்தில் ஒருத்தர் என்று சொல்லிவிட்டு, அவர் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.